தீர்ப்புச் சொன்ன நாக்கு

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தவரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னா எழுத்துக்காரரே, ஒன் ஓலையில நம்ம பேரு கீதா? எந்த ஊர்ல இன்னா சாப்ட்டேன்னு எழுதி வெச்சியா?" பழவேற்காட்டுக் கோட்டையில் எழுத்து வேலை பார்த்த காலம் முழுவதும், எந்தக் கப்பல் எந்த நாளில் வந்தது, எந்தக் காற்றில் போனது, ஏரித் தண்ணீர் துறைப்படியில் எத்தனையாவது படி வரை நின்றது என்று கோட்டைக்காக எழுதியது போக எனக்காகவும் எழுதிவைத்தேன். அந்த ஓலைகளில் அவர் பெயர் நாற்பது இடங்களிலாவது வந்தது. ஒரு மாசி மாதத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாகத் தேடிச் சுரண்டி எடுத்தேன். சுரண்டிய இடத்தில் ஓலை மெலிந்து வெளிச்சம் தெரிகிறது. தெரியட்டும்.

அவர் கப்பல் பண்டாரி, மாலுமிகளுக்குச் சோறாக்குகிறவர். ஜாவாத் தீவின் பத்தாவி, மலாக்கா, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று ஒல்லாந்தர் கப்பல் போன துறைமுகத்துக்கெல்லாம் அவரும் போயிருந்தார். அங்கே கோட்டை எப்படி, தெரு எப்படி என்று கேட்டால் தெரியாது. எந்தச் சந்தில் யார் அடுப்பு மூட்டினார்கள், என்ன விறகு எரித்தார்கள், குழம்பை இறக்கும்போது கடைசியாக எதைப் போட்டார்கள் என்று கேட்டால் பொழுது சாயும் வரை சொல்லுவார். கப்பலில் தான் ஆக்கியதைத் தான் தின்னமாட்டார். நங்கூரம் போட்டதும் கரையில் இறங்கி, மூட்டை தூக்குகிறவர்கள் எந்தக் கடையில் குந்துகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்.

"பத்தாவியில தொரைங்க சாப்புடுற எடம் ஒண்ணு கீது," என்பார். "மேசை, நாக்காலி, கண்ணாடி வெளக்கு. நான் எட்டிக்கூடப் பாக்கல. வாய்க்கா ஓரமா ஒரு சீனக் கெழவன். ஒரு தட்டி, ரெண்டு அடுப்பு. மூட்டக்காரனுங்க வரிசையா குந்தினு கீறானுங்க. நானும் குந்தினேன். எறாவ உப்பு போட்டு அரைச்சு, வெய்யில்ல வெச்சு, புளிக்க வெச்சு ஒரு விழுது பண்றான். அத்த எண்ணெயில போட்டதும் ஒரு வாசம் வந்துது பாரு, கப்பலு போனா போவட்டும்னு ஆயிடுச்சு."

கப்பல் வேலையை விட்டுக் கரையில் தங்கிய பிறகு அந்த விழுதை அவர் இங்கேயும் செய்தார். ஏரியில் கிடைக்கும் பொடி இறாலை வாங்கி, கொல்லையில் மூன்று பானை நிறைய ஊறவைத்தார். நான்கு வீடு தள்ளியும் நாற்றம் தாங்கவில்லை. கோட்டைச் சிப்பாய் ஒருவன் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று தேடிக்கொண்டு வந்துவிட்டான். அவனை உட்காரவைத்து, அந்த விழுதில் கத்தரிக்காயைப் புரட்டிச் சோற்றோடு போட்டார். சிப்பாய் மறுநாள் இன்னும் இரண்டு பேரோடு வந்தான். இதை நான் எழுதி வைத்தது ஒரு பங்குனி மாதத்து வியாழக்கிழமை. அவரைப் பற்றி நான் எழுதிய முதல் குறிப்பு அதுதான். அப்போது எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் நாள் கேட்பேன். பத்தாவிக்கு முதலில் போனது எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்பேன். ஒருமுறை ஒன்று சொல்லுவார், மறுமுறை வேறு சொல்லுவார். "போன தடவை ஐப்பசின்னு சொன்னீங்களே. ஐப்பசியில இங்கேருந்து கப்பலே கெளம்பாதே" என்று நான் இழுத்தால் கோபம் வந்துவிடும்.

"சோத்துக்கு ஏதுய்யா பஞ்சாங்கம்? வவுறு பசிச்சுது, சாப்ட்டேன். நீ நாளு நட்சத்திரம் பாத்தா கைய நனைக்கிற?"

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நாங்கள் இருவரும் தினமும் சந்தித்த இடம் படகுத்துறையில் இருந்த நாகம்மாவின் சோற்றுக்கடை. நான்கு கால், மேலே பனையோலை, கீழே மூன்று சட்டி. படகுக்காரர்கள், சாயத்துணி மூட்டை கட்டுகிறவர்கள், கோட்டைக்குச் சுண்ணாம்பு கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிட்டார்கள். மிளகாய் என்ற புதுச்சரக்கு அப்போதுதான் எங்கள் ஊர்ச் சட்டிகளில் நுழைந்துகொண்டிருந்தது. நாகம்மா மிளகை விடாமல் மிளகாயையும் சேர்த்து மடவை மீன் குழம்பு வைப்பாள். இறக்கும்போது ஒரு கை கொத்தமல்லியைக் கசக்கிப் போடுவாள். உச்சிவேளைக்குச் சற்று முன்பு அவர் வருவார். யார் உட்கார்ந்திருந்தாலும் அடுப்புக்கு எதிரே இருக்கும் இடத்தை அவருக்கு விட்டுவிட வேண்டும்.

அவர் மீனின் முதுகைத் தொடமாட்டார். வயிற்றுப் பக்கம், முள்ளை ஒட்டிய சதையில் ஒரு கிள்ளு எடுப்பார். குழம்பை விரலால் வழித்துத் தள்ளிவிட்டு, வெறும் சதையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு சொல்லுவார்.

"இது மொகத்துவாரத்து மீனு. அல ஏறும்போது புடிச்சது."

"இது வடக்கத்தி. சேறு தின்ன மடவை."

"நாகம்மா, இன்னிக்கு வெறவுப் படவு வரலியா? தென்ன மட்டைய எரிச்சுக் கீற."

எல்லாம் சரியாக இருக்கும். எங்கள் ஏரி தெற்கு வடக்காக நீளமானது. கடலோடு சேரும் முகத்துவாரம் தென்கோடியில் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வடக்கே தீவுகள், சேறு, ஆற்றுத் தண்ணீர். முகத்துவாரத்து மீனுக்கும் வடக்கு மீனுக்கும் ருசியில் வேற்றுமை உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த மீன் எங்கே பிடித்தது என்று ஒரு கிள்ளில் சொல்ல அவர் ஒருவரால்தான் முடிந்தது. எனக்கு இதில் மோகம் பிடித்தது. மீனவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் சட்டி மாற்றி, பதினான்கு முறை சோதித்தேன். நாளும் கிழமையும் போட்டு எழுதினேன். பதினான்கு முறையும் அவர் தவறவில்லை. அந்த ஓலையை நாகம்மா கடையில் உரக்கப் படித்தும் காட்டினேன். அந்த நாக்குக்கு ஊரறியச் சான்று எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

அவருடைய வாய்க்கு யாரும் தப்ப முடியாது. ஒருநாள் நாகம்மாவின் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டுக்கும் கடைக்கும் ஓடி ஓடிச் சட்டி அடிபிடித்துவிட்டது. அவர் ஒரு வாய் வைத்ததும் எழுந்துபோய்ச் சட்டியையே எடுத்து எல்லோர் முன்னாலும் ஏரியில் கவிழ்த்தார்.

"அடி புடிச்சத போடுறதுக்குக் கடை எதுக்கு? ஊட்லயே குந்தினு இரு."

நாகம்மா அழவில்லை. கரண்டியை ஓங்கினாள். "அண்ணாத்தே, ஒன் நாக்க அறுத்து உப்புக்கண்டம் போட்டாத்தான் இந்த ஊரு நிம்மதியா ஒரு வாய் சோறு துன்னும்!"

"போடு. ஆனா உப்பு கொஞ்சமா போடு. ஒனக்கு உப்பு கணக்கு தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பின் மீதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ருசி தெரிந்தவன் என்றால் எதையும் செய்யலாம் என்று அவருக்கு இடம் கொடுத்தது நாங்கள்தான்.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். என் மனைவி இறந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. தகவல் தெரிந்த மறுநாளே அவர் ஒரு கலயத்தோடு வந்தார். யாழ்ப்பாணத்தில் துறைக்குப் பக்கத்துக் கடையொன்றில் கற்றதாம்: பனங்கிழங்கு மாவைக் கரைத்து, நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சிய கூழ். என் எதிரில் குந்திக்கொண்டு, "குடி. பேசாத, குடி" என்றார். பதினோரு நாள் வந்தார். ஒரு நாளும் ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கூழில் தினமும் ஏதாவது ஒன்றை மாற்றி, "நேத்து நல்லாருந்துதா, இன்னிக்கா?" என்று மட்டும் கேட்பார். பதிலுக்காக நான் ருசிக்க வேண்டியிருந்தது. ருசித்ததால் உயிர் பிழைத்தேன். இதனால்தான் அவரை வெறுப்பது எனக்கு லேசாக இல்லை. லேசாக இல்லாததால் அந்த வெறுப்பு குறைந்துவிடவும் இல்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஆரணியாற்றிலும் காளங்கியாற்றிலும் தண்ணீர் வரவில்லை. சித்திரையிலிருந்தே முகத்துவாரம் மணல் மூடி, ஒரு ஆள் தாண்டும் அகலத்துக்கு வந்துவிட்டது. ஏரி வற்றியது. உள்நாட்டில் விளைச்சல் இல்லை. நெல் வண்டிகள் நின்றன. குப்பத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இனி சோறு என்றால் முகத்துவாரத்து மீன்தான்.

முகத்துவாரத்தில் நினைத்தவன் நினைத்தபடி வலை போட முடியாது. அலை ஏறும்போது மீன் ஏறிவரும் அந்தக் குறுகிய வாயில் ஒரு நாளைக்கு ஒரு வீட்டு வலைதான் நிற்கலாம். வருடத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் முன்பு சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் பாடு வந்த அன்று பிடித்ததை விற்று, உலர்த்தி, அடுத்த பாடு வரும் வரை அந்த வீடு சாப்பிட வேண்டும். அடுத்தவன் பாட்டில் வலை வைத்தால் அந்த வருடம் முழுவதும் பாடு கிடையாது. இதைவிடப் பெரிய தண்டனை குப்பத்தில் இல்லை.

ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, பெரிய அலை மணலை உடைத்து முகத்துவாரத்தைத் திறந்தது. ஊரே போய்ப் பார்த்தது. அடுத்த புதன்கிழமை சின்னான் என்பவனுடைய பாடு. விடிந்ததும் அவன் வலையைத் தூக்கினால் கூடையின் அடிகூட நிறையவில்லை. அதே நேரத்தில் குப்பத்து இன்னொரு மீனவன் எல்லப்பன் இரண்டு கூடை நிறைய மடவையோடு துறையில் படகைக் கட்டினான். சின்னான் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்துவிட்டான்.

"என் பாட்டுல கைய வெச்சிட்டியேடா! விடியறதுக்குள்ள வலைக்கு முன்னாடி வலை போட்டு அள்ளிக்கினு வந்துட்டியே!"

"சத்தியமா இல்ல மாமா. ரெண்டு நாளா வடக்க தீவாண்ட கெடந்தேன். அங்க புடிச்சது."

"வடக்க தண்ணியே இல்ல, மீனு எங்கேர்ந்துடா வந்துது?"

எல்லப்பன் தனியாகப் போயிருந்தான், பார்த்தவர் யாருமில்லை. அவன் மனைவி கன்னியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கூடையில் இருந்து ஒரு மீனை எடுத்துக் குப்பத்துத் தலைவர் நாட்டார் முன்னால் நீட்டினாள். "இந்த மீனே சொல்லும். நம்ம பண்டாரி அண்ணாத்தேய கூப்டுங்க. அவுரு சொல்லட்டும். அவுரு நாக்கு பொய் சொல்லாது."

ஆமாம், அவள்தான் கேட்டாள். அவ்வளவு நம்பினாள். நாட்டாரும் தலையாட்டினார். "எழுத்துக்காரரே சோதிச்சு எழுதி வெச்சிருக்காரு. அதுக்கு மேல இன்னா வோணும்?"

அம்மன் கோயில் முன்பு புன்னை மர நிழலில் கூடினார்கள். நாகம்மா புதுச்சட்டியில் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டு எல்லப்பனின் மடவை ஒன்றை வேகவைத்தாள். அவர் வேட்டியை ஒதுக்கிச் சம்மணம் போட்டார். அவ்வளவு பேர் தன் வாயையே பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அது முகத்தில் தெரிந்தது. வயிற்றுச் சதையில் ஒரு கிள்ளு எடுத்து வைத்தார். கண்ணை மூடினார்.

"கடலு," என்றார்.

சின்னான் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. கன்னியம்மா, "அண்ணாத்தே, இன்னொரு வாட்டி வெச்சுப் பாரு" என்றாள். அவர் இன்னொரு கிள்ளு எடுத்தார். இந்த முறை கண்ணைத் திறக்க நேரமாயிற்று. தாடை நின்றது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தார். நான் நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த நிறுத்தத்தைப் பார்த்தேன். ருசியை இன்னும் தெளிவாகத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"மொகத்துவாரத்து மீனுதான்," என்றார். எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "நாகம்மா, உப்பு ஒரு கல்லு ஜாஸ்தி" என்றார்.

எல்லப்பனின் பாடு போயிற்று. அது சின்னானுக்குச் சேர்ந்தது.

அன்று மாலை இதை எழுத ஓலையை எடுத்தேன். முந்தைய நாள் குறிப்பு கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை, வடக்கேயிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு கொண்டுவந்த படகுக்காரன் சொன்னதாக நானே எழுதியிருந்தேன்: தீவுகளின் பக்கம் தண்ணீரில் குடை போன்ற வழவழப்பான கடல் சொறி மிதக்கிறது, தொட்டவர் கையெல்லாம் தடித்திருக்கிறது, இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. வேடிக்கைச் செய்தி என்று எழுதிவிட்டு மறந்திருந்தேன்.

அதை இரண்டு முறை படித்தேன். மற்ற வருடங்களில் முகத்துவாரம் திறந்தால் கடல் தண்ணீர் வடக்கே போய்ச் சேர ஒரு மாதமாகும். ஆற்றுத் தண்ணீர் எதிரே நின்று தடுக்கும். அந்தக் கணக்கைத்தான் ஊரில் எல்லோரும் மனதில் வைத்திருந்தோம். அந்த வருடம் தடுக்க ஆறு இல்லை. வற்றிய ஏரியில், தென்காற்றில், கடல் நான்கே நாளில் தீவு வரை ஏறிவிட்டது. வடக்கு மீனும் கடல் ருசிதான் தரும். எல்லப்பன் சொன்னது உண்மை.

வியாழக்கிழமை காலை ஓலையோடு நாட்டாரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றது நாயமாத்தான் கீது. ஆனா அம்மன் முன்னாடி சொன்ன வார்த்த. அவுரு வாயால சொன்னத அவுரு வாயாலதான் திருப்பணும். போய் இட்டுக்கினு வா."

அவர் கொல்லையில் இறால் விழுதை அரைத்துக்கொண்டிருந்தார். நான் ஓலையைப் படித்தேன். சொறி, தென்காற்று, ஆறு, நான்கு நாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மிக்குழவி ஒருமுறை நின்றது, பிறகு ஓடியது.

"ஓலையில எழுதினா மீனு ருசி மாறிடுமா?"

"ருசி தப்புன்னு சொல்லல. கடல் ருசி வடக்கேயும் வந்திருக்கு. அது ஒங்களுக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது. அதை மட்டும் வந்து சொல்லுங்க. ஒங்களுக்கு ஒரு கொறையும் இல்ல."

"கொறையில்லியா? நாளைக்கு நாகம்மா கடையில குந்தி நான் ஒண்ணு சொன்னா, அன்னிக்கு மாத்தினவன்தானேன்னு எவனாச்சும் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிக்கட்டுமே. எல்லப்பன் வீட்டுல சாப்பாட்டுக்கு வழியில்ல."

"நாக்கு சொன்னது சொன்னதுதான். போ எழுத்துக்காரரே. கையில விழுது கீது, இல்லன்னா கும்புட்டு அனுப்புவேன்."

புரட்டாசி முழுவதும் போனேன். ஐப்பசியில் நான்கு முறை போனேன். நாளெல்லாம் குறித்திருக்கிறேன். போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்றை வாயில் திணித்து அனுப்பினார். ஒருநாள் கொழும்பில் கற்றதென்று தேங்காயையும் மாசிக் கருவாட்டையும் இடித்த சம்பல். நான் தின்றேன். தின்றுவிட்டு வந்து ஓலையில் 'வர மறுத்தார்' என்று எழுதினேன். என்னைப் பற்றியும் சொல்லத்தானே வேண்டும்.

அந்தப் பஞ்சத்தில் ஆட்களை வாங்கிப் பத்தாவிக்கு ஏற்றிப்போகும் கப்பல்கள் எங்கள் கடலில் நின்றன. உள்நாட்டிலிருந்து ஒட்டிய வயிறோடு நடந்துவந்தவர்கள் தாமே கேட்டு ஏறினார்கள். அதுவரை குப்பத்திலிருந்து யாரும் ஏறியதில்லை; மீன் இருக்கிறதே. தை மாதத்தில் ஏறியது ஒரே ஒரு குடும்பம். எல்லப்பன், கன்னியம்மா, இரண்டு பெண் குழந்தைகள். எழுத்து வேலை என்னுடையது. நான்கு பெயரையும் என் கைதான் எழுதியது.

கன்னியம்மா எனக்கு எதிரே நின்றாள். தோள் எலும்பு தெரிந்தது. "எழுத்துக்காரரே, திருட்டுப் பட்டம்னு எதுனா அதுல எழுதறாங்களா?"

"இல்லம்மா. பேரு, ஊரு, வயசு. அவ்வளவுதான்."

"அப்ப சரி," என்றாள். "போற எடத்துல தெரியாது."

அலை தாண்டிக் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகு வரும் வரை அவர்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நேராக நாகம்மா கடைக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏறிட்டாங்க" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பத்தாவியில சோத்துக்குப் பஞ்சமில்ல," என்றார். அந்த இலையை எடுத்து அவர் முகத்தில் அறைந்திருக்க வேண்டும். நான் அறையவில்லை.

அந்தக் கோடையில் மழை நன்றாகப் பெய்தது. ஊர் தேறியது. வடக்கத்திப் படகுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, அந்த ஆவணியில் சொறி வந்ததையும் தண்ணீர் கரித்ததையும் சொன்னார்கள். எல்லப்பன் திருடவில்லை என்பது மெல்ல எல்லோருக்கும் தெரிந்தது. அவரை யாரும் குறை சொல்லவில்லை. பாவம், அவருக்கு எப்படித் தெரியும், நாக்கு ஏமாந்துவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்க முயன்றேன்.

ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை உச்சிவேளை. நாகம்மா கடையில் அவர், நான், உப்பு மூட்டை கொண்டுவந்த இரண்டு பேர். அவர் வழக்கம்போல ஒரு கிள்ளு வைத்து, "மொகத்துவாரம்" என்றார். உப்புக்காரரில் ஒருவன் சிரித்தான்.

"பாத்து சொல்லு அண்ணாத்தே. ஒரு வாட்டி ஒன் நாக்கு ஏமாந்து போச்சாமே."

அவர் இலையைத் தள்ளினார். முகம் சிவந்துவிட்டது.

"எவன்டா சொன்னான்? எவன் நாக்கு ஏமாந்துது? மொத வாயில கடலு. ரெண்டாவது வாயிலயே தெரிஞ்சுபோச்சு எனக்கு. மேல கடலு, உள்ள வவுத்துக் கொழுப்புல வடக்குச் சேறு. பொறந்ததுலேர்ந்து சேறு தின்ன மீனு, ஒண்ணு ரெண்டு நாளு கடத்தண்ணியில கெடந்தா சேறு போயிடுமா? இந்த நாக்க எந்த மீனும் ஏமாத்தினதில்ல. தெரிஞ்சுக்கோ!"

நாகம்மாவின் கரண்டி சட்டியிலேயே நின்றது.

"தெரிஞ்சுதா?" என்று நான் கேட்டேன். "அப்போ ஏன் சொல்லல?"

"மொத வாயில கடலுன்னு சொல்லிட்டேனே," என்றார். நான் ஏன் இப்படிக் கேட்கிறேன் என்றுதான் அவருக்கு விளங்கவில்லை. "அத்தினி பேரு முன்னாடி மாத்திச் சொன்னா அப்புறம் எவன் மதிப்பான்?"

நாகம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, கடையை அப்படியே விட்டு, குப்பத்துக்கு நடந்தாள். உப்புக்காரர்களும் நானும் பின்னால் போனோம். நாட்டார் முன்னால் நான்கு பேரும் கேட்டதைக் கேட்டபடி சொன்னோம். நாட்டார் ஆளனுப்பினார். அவர் வரவில்லை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தார். அவருக்கு என்ன தண்டனை என்று நான் கத்தினேன். முறையில் இல்லை என்றார்கள். அவர் வலை போடுகிறவர் அல்ல. பறிப்பதற்கு அவருக்குப் பாடு கிடையாது. ஒரு நாக்கைத் தண்டிக்க எங்கள் குப்பத்தில் வழியில்லை. எங்கள் குப்பத்தில் என்ன, எந்த ஊரிலும் இருப்பதாக நான் படித்த எதிலும் இல்லை.

அந்த வருடச் சீட்டுப் போடும்போது சின்னான்தான் எழுந்தான். போன வருடம் முழுவதும் எல்லப்பன் பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டவன். நாட்டாரைப் பார்த்துச் சொன்னான்: "எல்லப்பன் பேருக்கும் ஒரு சீட்டு போடுங்க. அந்த நாளுல எவனும் வலை எறக்கக்கூடாது. அவன் வர்ற வரைக்கும்."

வருவான் என்று யாரும் நம்பவில்லை. ஆனாலும் போட்டார்கள். ஆவணியில் ஒரு சனிக்கிழமை விழுந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் விடியற்காலையிலேயே போய்ப் பார்த்தேன். அலை ஏறியது, மடவை கூட்டங்கூட்டமாக வெள்ளி வெள்ளியாகத் துள்ளிக்கொண்டு முகத்துவாரத்தில் நுழைந்தது. கரையில் குப்பத்து ஆண்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் வலையைத் தொடவில்லை. அலை இறங்கும் வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

உச்சிவேளைக்குச் சற்று முன்பு அவர் வந்தார். அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தார். இலையைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நாகம்மா, மடவை எடு."

"இன்னிக்கு மடவை இல்ல."

"ஏன்? காத்து நல்லாத்தானே கீது?"

நாகம்மா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "இன்னிக்கு எல்லப்பன் பாடு."

கடையில் இருந்த ஒருவரும் மெல்லவில்லை. நான் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டினார். இலையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு துரும்பை எடுத்துப் போட்டார்.

"அப்ப நண்டு போடு," என்றார்.